குதிகாலில் ஒரு புள்ளி

"ரெண்டு குழந்தையையும் என் கண்ணால பார்க்காம இங்கேயிருந்து நகர மாட்டேன், தம்பி. சொல்லிட்டேன்!"

யாரும் உட்காரச் சொல்லாமலே நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. தெருவில் நாலு பேரிடம் வழி கேட்டு, இரண்டு தப்பான கதவைத் தட்டி, அப்புறம்தான் இந்த வீடு கிடைத்தது.

வீட்டுக்காரன் பெயிண்டர். விரல் இடுக்கெல்லாம் பச்சை பெயிண்ட். உள்ளறைத் திரைக்குக் குறுக்கே நின்றவன் நகரவே இல்லை.

"என்ன சிஸ்டர், சனிக்கிழமையில வந்திருக்கீங்க?"

"திங்கட்கிழமை எங்க மேலதிகாரி மேடம் சோதனைக்கு வராங்க. அதுக்குள்ள எடை போட்டாகணும். குறைமாசத்துல பொறந்த ரெட்டைப் பிள்ளைங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பும்போதே என் பொறுப்புல விட்டுட்டாங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்?"

 அவன் உள்ளே பார்த்து, "பெரியவனைக் கொண்டா" என்றான்.

குழந்தையோடு வந்த மனைவி சின்னப் பெண். கண்ணிரண்டும் வீங்கியிருந்தன. நர்ஸுக்கு இருபது வருஷமாக இந்த வேலை. அழுத முகமும் பிடி கொடுக்காத புருஷனும் உள்ள வீட்டில் என்னென்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

துணியெல்லாம் கழற்றி எடை போட்டாள். இரண்டு கிலோ நூற்று நாற்பது.

"அடேயப்பா, தேறிட்டானே என் ராஜா!"

ரெட்டைக் குழந்தைகள் என்றால் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எடை போட்டதும் குதிகாலில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுவாள். அப்போதுதான் ஒன்றையே இரண்டு தடவை எழுதிவிட மாட்டோம்.

"சரி, சின்னவனைக் கொண்டாம்மா."

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். குழந்தையோடு உள்ளே போனவள் வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. இன்னொரு குழந்தையின் சிணுங்கல்கூடக் கேட்கவில்லை. 

மஞ்சள் குல்லாவும் வேறு துணியுமாக வந்தான் சின்னவன். துணியைப் பிரித்துத் தராசில் கிடத்தினாள்.

இரண்டு கிலோ நூற்று நாற்பது.

காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் நீலப் புள்ளி.

"என்னய்யா இது? யார் காதுல பூ சுத்தறே? இது பெரியவன்!"

அந்தப் பெண் குழந்தையைத் துணியில் சுற்றினாள்.

"இன்னொரு பிள்ளை எங்கே? யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டீங்களா? அடிச்சுக் கிடிச்சு வச்சிருக்கீங்களா? வாயைத் திறந்து சொல்லேன்!"

திரையை விலக்கி உள்ளே போய்ப் பார்த்தாள். ஒரே ஒரு தொட்டில்.  கைபேசியை எடுத்தாள்.

"குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸுக்குப் போன் போடறேன். அவங்க வந்து கேட்டா வாய் தானா திறக்கும்."

"போடுங்க சிஸ்டர்" என்றான் பெயிண்டர். "நாங்களும் அவங்களைத்தான் கூப்பிட இருந்தோம்."

"என்ன, நக்கலா?"

"ரெண்டு பிள்ளை வேணும்னு நீங்கதானே கேட்டீங்க? உங்க ரிப்போர்ட்டுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களே, அதான் ரெண்டு தடவை காட்டினோம்."

அந்தப் பெண் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"போனதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை சின்னவன் பால் குடிக்கலை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். இன்னிக்கு உங்க வீட்டுக்கு நர்ஸ் வர்ற நாள், அவங்க பார்த்துச் சொல்லுவாங்கன்னாங்க. கதவைத் திறந்து வச்சுட்டு ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். விடியறதுக்குள்ள போயிட்டான்."

நர்ஸின் காதருகே கைபேசியில், "ஹலோ, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம், சொல்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது. 

பெயிண்டர் தன் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"நீங்க ரிப்போர்ட் எழுதினா பெத்தவங்களுக்கும் மெசேஜ் வரும், தெரியுமா? சின்னவனைப் புதைச்சு ஆறாம் நாள் வந்தது இது. 'இன்று வீட்டுக்கு நேரில் சென்று பார்த்தேன். இரண்டு குழந்தைகளும் நலம்.' கீழே உங்க பேர்தானே, சிஸ்டர்? இந்த வாசப்படியை நீங்க மிதிக்கறதே இன்னிக்குத்தான்."