தகரத்துக்கு எந்தப் பரிசு?

உடம்பு மண்ணெண்ணெய் டின். வாய் ஒரு புனல். பெற்றவள் கிடையாது, பட்டறையில் பிறந்தது. சொந்த ஊர் செவ்வாய்க் கிரகம். அது ஆணா, பெண்ணா?

அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ராயபுரம் கல்மண்டபத்தில் மூன்று பெரியவர்கள் அரை மணி நேரம் முட்டி மோதிய விடுகதை இது.

மனிதன் நிலாவில் கால் வைத்த மறு வருஷம். படிப்பக ஆண்டு விழாவில் சிறுவர் மாறுவேடப் போட்டி. ஏழாம் நம்பராக வந்து நின்ற அந்தத் தகர உருவத்துக்குத்தான் முதல் பரிசு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த முதல் பரிசு என்பதில்தான் சிக்கல்.

நோட்டீஸில் இரண்டு போட்டிருந்தது. ஆண் பிள்ளைக்கு, லாஞ்சு என்கிற மோட்டார் படகில் போய்த் துறைமுகத்தில் நிற்கும் வெளிநாட்டுக் கப்பலில் ஏறிப் பார்க்கலாம். பெண் பிள்ளைக்கு, எவர்சில்வர் தூக்கு.

முகமூடியைக் கழற்றிப் பார்க்கவும் வழியில்லை. ஆள் தெரிந்தால் சிபாரிசு வரும், பரிசு முடிவாகும்வரை முகம் காட்டக் கூடாது என்பது செயலாளர் ஸ்டானிஸ்லாஸ் போட்ட விதி. அவர் ஹார்பரில் குமாஸ்தா. மேடை ஏறிவிட்டால் அவருக்கு எழுத்துத் தமிழ்தான் வரும்.

“தாங்கள் ஆணா, பெண்ணா?” என்று புனலருகே குனிந்து கேட்டார்.

“எங்-கள் ஊ-ரில் அது கி-டை-யாது.”

“எந்தப் பரிசு வேண்டும்?”

“கப்-பல்.”

நடுவராக வந்திருந்த ஐரீன் டீச்சர் தலையை ஆட்டினார். “பெண்தான் சார். நாம மாத்தி மாத்திப் பேசறோம், அது கேட்டாத்தான் பதில் சொல்லுது.”

“எம் பொஞ்சாதி பவுனம்மா முன்னால வந்து இத்தச் சொல்லு டீச்சரு” என்றார் இன்னொரு நடுவர் தண்டபாணி. கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். “ஆம்பளைதான் இது. அம்மாந்தூரத்துலேந்து தனியா வந்துகீது. பொம்பளைய எவன் அனுப்புவான்?”

ஸ்டானிஸ்லாஸ் இரக்கத்தோடு சிரித்தார்.

“தண்டபாணி, ஆண் பெண் என்பதெல்லாம் பிள்ளை பெறுகிற உயிர்களுக்கு. இது பட்டறையில் அடித்துச் செய்த பிறவி. ஹார்பர் கிரேன் ஆணா, பெண்ணா? சொல்லுங்கள் பார்ப்போம்.”

“ஆம்பளை.”

“எப்படி?”

“ஞாயித்துக்கெழம லீவு போடுதே!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஸ்டானிஸ்லாஸுக்குச் சுருக்கென்றது. குரலை உயர்த்தினார்.

“உங்கள் படகுகளுக்கு அம்மன் பெயரை வைக்கிறீர்கள். ஒரு பெண்ணை அதில் ஏற்றியதுண்டா? ஏறக் கூடாது என்று மரக்கட்டையா சொல்கிறது? நாம் சொல்கிறோம்! அந்தப் பழக்கத்தைச் செவ்வாய்க் கிரகத்தின் தலையிலும் கட்ட வேண்டுமா?”

பலத்த கைதட்டல். அவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

தண்டபாணி தலையைச் சொறிந்தார். “நீ படிச்சவன். இம்மாஞ் சொல்றே. சரி, அது ஆம்பளையும் இல்ல, பொம்பளையும் இல்ல. கேட்டதக் குடுத்துடுவோம்.” பழக்க தோஷத்தில் கை மேலே போயிற்று. “லாஞ்சு ஏழாம் நம்பருக்கு! ஒரு தரம்... ரெண்டு தரம்... இன்னா கிளார்க்கு, ஆட்சேபம் கீதா?”

“அணுவளவும் இல்லை.”

“மூணு தரம்!”

ஸ்டானிஸ்லாஸ் தம் கையாலேயே தலை டின்னைத் தூக்கினார்.

வியர்வையில் நனைந்த இரட்டைப் பின்னல். சர்ச்சில் ஞானோபதேச வகுப்பில் இருக்க வேண்டிய அவர் மகள் ஃப்ளோரா.

எழுத்துத் தமிழ் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“யேய்! இங்க இன்னாடி பண்றே? வூட்டுக்கு நட!”

“லாஞ்சு, அப்பா...”

“லாஞ்சாவது கீஞ்சாவது! பொட்டப்புள்ள கப்பல்ல ஏறினா நாளைக்கு நாலு பேரு இன்னா பேசுவான்? டீச்சர், அந்தத் தூக்கை எடுங்க.”

ஐரீன் தூக்கைத் தொடவில்லை. “சார், இப்பத்தானே படகைப் பத்தி அவ்வளவு...”

“அது செவ்வாய்க் கிரகத்துக்குச் சொன்னது டீச்சர். இது ராயபுரம்.”

தண்டபாணி குறுக்கே வந்து நின்றார்.

“கிளார்க்கு, மூணு தரம் சொல்லியாச்சு. அப்பால கூடையக் கவுத்துப் பாத்துட்டு, எறா வேணாம் நெத்திலி குடுன்னா, நான் கடக்கரையில தல காட்ட முடியாது.”

“உனக்கே இது புடிக்காதே, தண்டபாணி!”

“புடிக்கலதான். எங்கூட்டுப் பொண்ணா இருந்தா அனுப்ப மாட்டேன். அத்த மொதல்லயே சொல்லிட்டேன். நீதானே இல்லேன்னு அம்மாம் நேரம் பேசினே? நான் உம் பேச்ச நம்பித்தான் கையத் தூக்கினேன்.”

கூட்டம் ஸ்டானிஸ்லாஸையே பார்த்தது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிடரியைத் துடைத்தார். அதற்குமேல் துடைக்க இடமில்லை.

“போய்த் தொலை” என்றார்.

லாஞ்சு ஓட்டும் மதார் சாகிப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “புள்ளைங்களத் தனியா ஏத்தறதில்ல. கூட ஒரு பெரியவங்க வரணும். யாருன்னு நீயே சொல்லும்மா.”

ஸ்டானிஸ்லாஸ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எழுத்துத் தமிழ் திரும்பி வந்திருந்தது.

“தந்தை என்ற முறையில்...” என்று ஓரடி முன்னால் வந்தார்.

ஃப்ளோரா தண்டபாணியைக் காட்டினாள்.