குடும்பம் இரண்டானது

ஏற்காட்டில் சவரிராயனும் அவர் மனைவி ஜெசிந்தாவும் குடியிருந்த வீட்டில் கொய்யாமரத்தடியில் ஒன்றும் அடுப்படிச் சுவரோரம் ஒன்றுமாக இரண்டு குழிச்சிலந்திகள் இருந்தன. சட்டப்படி, விலங்கியல் வகைப்பாட்டில் சிலந்தி எந்தக் குடும்பமோ, அதுதான் வீட்டாருக்கும் குடும்பம்.

ஒருநாள் வகைப்பாட்டு அதிகாரி வந்தார். "சிலந்திங்களோட கால் நகத்துல இருக்கிற பல்லை எங்க ஆபீஸ்ல எண்ணிப் பார்த்தாங்க. ரெண்டும் வேற வேற குடும்பமாம். ஐயா பேரு கொய்யாமரத்துச் சிலந்தியோட குடும்ப அட்டையில, அம்மா பேரு அடுப்படிச் சிலந்தியோட குடும்ப அட்டையில. இனி நீங்க கணவன் மனைவி இல்லை."

"கல்யாணமாகி முப்பது வருஷமாச்சே சார்!" என்று சவரிராயன் பதறினார்.

"அதனாலென்ன, மறுபடியும் பண்ணிக்கலாம். ரெண்டு பேரும் சம்மதிச்சாப் போதும்."

சவரிராயன் உடனே கையெழுத்துப் போட்டார். ஜெசிந்தா பேனாவை வாங்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்."

மறுநாள் காலை சவரிராயன் முகச்சவரம் செய்துகொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாகக் காபி போட்டு ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

ஜெசிந்தா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "சர்க்கரை கம்மி," என்றார்.