மூன்றாம் வரியில் நாலு

“ஐயா, இந்தக் கணக்குக்கு விடை கிடையாதுங்க” என்றான் ஹர்யாந்தோ, என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

நான் திரும்பவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எங்கள் சோலோ நகரில் யாரும் அவர்களுக்கு முதுகு காட்டமாட்டார்கள்.

கரும்பலகை என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. மூன்று சமன்பாடுகள், கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் மூன்று. என் தந்தை போட்ட கணக்கு. அவரும் கணித ஆசிரியர், நானும், என் மகள் வெனிங்கும். இந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு வருபவன் அதைச் செய்துகாட்ட வேண்டும். தவறினால் சம்பந்தம் இல்லை.

கணக்கை நான் மனப்பாடமாகச் சொல்வேன். வெனிங் எழுதுவாள். வந்தவன் செய்து முடித்து விடையை வாயால் சொல்வான். எனக்குக் காது போதும்.

இதற்கு முன் வந்த இருவரும் தேநீர் ஆறுவதற்குள் சரியான விடையைச் சொன்னார்கள். நான் மகிழ்ந்தேன். வெனிங் இருவரையும் வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. இரண்டாமவனுக்குப் பிறகு நான் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஹர்யாந்தோவின் மாமா சுபகியோவால் பொறுக்க முடியவில்லை.

“ரெண்டு, மூணு, ஒண்ணுடா! ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியலையா?”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கோப்பைக்குள் பார்க்கத் தொடங்கினார்.

“எனக்கும் தெரியும் மாமா. போட்டுப் பாத்தேன். மூணாவது சமன்பாட்டுல பதினேழுதான் வருது. போர்டுல இருபத்திரண்டுன்னு இருக்கே.”

என் தந்தையின் கணக்கு ஊருக்கே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

வரிக்கு வரி ஓர் எண்ணை நீக்கிக்கொண்டே போகும் ஏறுபடி வடிவம். சுத்தமாகத்தான் செய்திருந்தான். முதல் வரி முழுதாக நின்றது. இரண்டாவது ஒரு படி உள்ளே தள்ளித் தொடங்கியது. மூன்றாவதில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஐந்து.

பூஜ்யமும் ஐந்தும் சமம் என்றது பலகை. அதற்கு மேல் எந்த எண்ணாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மேலே கணக்கைப் பார்த்தேன். மூன்றாம் சமன்பாட்டில் நான் சொன்னது ஒன்பது. எழுதியிருந்தது நாலு. வெனிங்கின் கையெழுத்து, அழுத்தமாக.

பாடம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் பலகையில் ஓர் எண் பிசகியதில்லை. சாக்பீஸும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை குனியவில்லை.

மகள் தப்பாக எழுதினாள் என்று சொல்லலாம். நான் தப்பாகச் சொன்னேன் என்றும் சொல்லலாம். இரண்டும் எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

விருந்தினர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

“நான் சொன்னது நாலுதான். விடை இல்லைங்கறதுதான் விடை. பலகாரம் எடுத்துக்கோங்க.”

சுபகியோ இரண்டு எடுத்துக்கொண்டார்.

அவர்களை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தபோது வெனிங் பலகையை அழிக்கப் போனாள்.

“முன்னாடி வந்த ரெண்டு பேருக்கும் நாலுதான் எழுதினியாம்மா?”

“நாலுதாம்ப்பா.”

அழிப்பானை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்பதல்லவா என்று கேட்டார்கள். அது ஊரார் தப்பாக மனப்பாடம் செய்தது, என் தந்தை கொடுத்தது நாலுதான் என்றேன்.