நூற்று நாற்பத்து நான்கு அடி

பாறையை உடைத்து நூற்று நாற்பத்து நான்கு அடிக்குத் தன் அப்பா கிணறு வெட்டினார் என்று ஆத்மநாதன் சொல்லும்போதெல்லாம் இலுப்பூர்ச் சந்தையில் சிரித்தார்கள். 1938 கோடையில் கிணறு வற்றியதும், செத்துப்போன அப்பாவின் சொல்லைக் காப்பாற்ற ஊரைக் கூட்டி, கணக்கு வாத்தியார் சந்தனசாமியை வரவழைத்தார்.

வாத்தியார் கல்லைக் கைவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது விநாடியில் சத்தம் கேட்டது.

"கல்லு விழுற ஆழத்துக்கு, ஆன விநாடி மூணை மூணால பெருக்கி, பதினாறால பெருக்கணும். நூத்தி நாப்பத்தி நாலு அடிங்க."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் ஆத்மநாதன்.

"கணக்கு கெடக்கட்டும், கயித்த விடுங்க" என்றார் பங்காளி திருப்பதி.

கயிறு அறுபத்து நான்கு அடியிலேயே தரை தட்டியது.

"அப்ப ரெண்டு விநாடிதான ஆகணும்" என்று வாத்தியார் மறுபடியும் கல்லைப் போட்டார். மூன்று விநாடிதான் ஆனது.

கிணறு வெட்டும் பழனிச்சாமி இறங்கிப் பார்த்தான். "வெறும் பாறைதாங்க. போட்ட கல்லு ஒண்ணையும் காணோம்."

அவனைச் சுவரோரம் ஒதுங்கச் சொல்லிவிட்டு வாத்தியார் இன்னொரு கல்லை விட்டார். மூன்று விநாடி கழித்துச் சத்தம் வந்தது. பிறகு பழனிச்சாமியின் குரல் வந்தது.

"சத்தம் என் காலுக்குக் கீழ கேக்குதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆத்மநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுக்குள் குனிந்தார்.

"மேல வாப்பா. எங்கப்பா வெட்டுனதுல நீ பாதிகூட எறங்கல."