ஒரு தலை குறைகிறது

"எல்லாரும் இருக்காங்க மேடம், நான் எண்ணிட்டேன்னு சொல்றேனே..."

"ஒருத்தி இல்லைன்னு நானும் சொல்றேன், நீங்க திரும்பத் திரும்ப..."

"என் வகுப்பு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சொல்லுங்க டீச்சர். யாரு இல்ல?"

மைதானத்து வெயிலில் நாலாம் வகுப்பு டீச்சருக்குக் காது மடல்வரை சூடேறியது. தீயணைப்பு நிலையத்து அதிகாரி வேறு பக்கத்தில் நின்று, கேட்காதவர்போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அபாய மணி அடித்து, பள்ளிக்கூடம் மொத்தமும் படியிறங்கி வந்து, வரிசை கட்டி நின்றாயிற்று. தீ விபத்துப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது என்று மற்ற வகுப்புகளைத் தண்ணீர் குடிக்கக்கூட அனுப்பிவிட்டார்கள். இவள் வகுப்பு மட்டும், செய்யாத தப்புக்கு முட்டி போடச் சொன்னதுபோல முழித்துக்கொண்டு நிற்கிறது.

தலைமையாசிரியை குரலை இறக்கினார்.

"கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்கள வெளிய கொண்டாந்தா மட்டும் போதாது, ஒண்ணு உள்ள மாட்டிக்கிட்டா வகுப்பு டீச்சருக்குத் தெரியுதான்னும் பார்க்கச் சொல்லி சட்டம். அதுக்குத்தான் ஒரு பிள்ளைய ஒளிச்சு வைக்கிறது. இந்தத் தடவை உங்க வகுப்பு. விளையாட்டு பீரியட் முடிஞ்சு படியேறி வர்றப்பவே ஒருத்தியத் தனியா கூட்டிட்டுப் போயிட்டேன். நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா?"

"தலைய எண்ணினேன். ஒவ்வொரு பேரா கூப்பிட்டுக்கிட்டு நின்னா, நெருப்பு என்ன கைகட்டிக்கிட்டு நிக்குமா?"

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அவளுக்குத் தெம்பாக இருந்தது. சுற்றுலா, விளையாட்டு விழா, மழைக்கு ஒதுங்கிய கூரை என்று எங்கே கூட்டிப் போனாலும் ஒரு பிள்ளையைத் தவறவிட்டாள் என்ற பேச்சு அவளுக்கு வந்ததில்லை.

"கண்ணு முன்னாலயே எண்ணிக் காட்டுறேன், பாருங்க."

எண்ணினாள். ஒவ்வொரு தலையிலும் விரல் வைத்துத்தான் எண்ணுவாள். பல் விழுந்த பையன். மூக்குறிஞ்சி. எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருக்கும் குண்டன். நடுவில் ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"கையைக் கீழ போடு. வரிசையில பேச்சு கிடையாது."

கடைசித் தலையையும் தொட்டாள். அதற்கு மேல் இன்னும் ஓர் எண்ணைச் சொன்னாள். கணக்கு நேராக வந்து நின்றது.

"சரியாத்தான இருக்கு?"

தலைமையாசிரியையின் முகத்திலிருந்த கோபம் எங்கேயோ போய்விட்டது.

"கடைசிப் பிள்ளையத் தொட்டப்புறம் இன்னும் ஒண்ணு சொன்னீங்களே டீச்சர். அது யாரு?"

டீச்சரின் விரல் அந்தரத்தில் நின்றது.

இதெல்லாம் ஊரார் பிள்ளைகள். ஒன்று குறைந்தால் பெற்றவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து எண்ணுவாள். அந்த ஒருத்தியை மட்டும் தொட்டதில்லை. அவள் எங்கே போய்விடப் போகிறாள்? இருப்பாள். கடைசியில் அவளுக்கென்று ஒன்றைக் கூட்டிக்கொள்வாள். காலையில் வருகை எடுக்கும்போதுகூட அந்த ஒரு பேரை வாய்விட்டுக் கூப்பிட மாட்டாள், அவளுக்கு நேராகக் கோடு மட்டும் போட்டுக்கொள்வாள்.

"உங்களுக்குச் சுலபமா இருக்கட்டுமேன்னுதான் அவளை வச்சேன்" என்றார் தலைமையாசிரியை, மெதுவாக. "மணி அடிச்ச உடனே மாடிக்கு ஓடிருவீங்க, பயிற்சியே கெட்டுப்போயிருமோன்னுகூட நெனச்சேன். பாட்டு ரூம்ல இருக்கா."

டீச்சர் ஓடினாள்.

"ஓடாதே, நட" என்று தொண்டை வறளக் கத்துகிறவள், முதல் படியிலேயே ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். "டேய், டீச்சரே ஓடுறாங்கடா!" என்று வரிசை கலைந்து கூச்சல் போட்டது. யாரும் அடக்கவில்லை.

பாட்டு அறை மாடிக் கோடியில் இருந்தது. புகை இல்லை, ஒன்றும் இல்லை. கதவுகூட சும்மா சாத்தியிருந்ததுதான். ஆனாலும் இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள்.

மேஜைக்கு அடியில் பெண் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடக் கூடாது என்று தன் வாய்மேல் தானே விரலை வைத்திருந்தாள். கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர்! வந்துட்டீங்களா!"

பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்தால் டீச்சர், வாசலைத் தாண்டினால்தான் அம்மா. இவள் போட்ட சட்டம்தான். பெற்ற பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருவர் வாயில் விழக் கூடாதே என்று, சேர்த்த அன்றைக்கே தெருவில் நிறுத்தி வைத்து விரலை ஆட்டிச் சொன்னது. பெண் அதை ஒரு நாள்கூட மறந்ததில்லை.

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்து, பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

பெண் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கதவு வரைக்கும் யாரும் இல்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோடு வாயை வைத்து, பெருமை தாங்காமல் கேட்டாள்.

"நான் இல்லைன்னு நீதானம்மா மொதல்ல கண்டுபிடிச்ச?"