மஞ்சள் குழாய்

போர்ட் கிள்ளான் படகுத்துறையில் வெயில் சாய்கிறது. கப்பலடி சுத்தம் செய்ய முக்குளிக்கும் யுகேந்திரன், ஒற்றைச் சிலிண்டரில் காற்றுக் குழாய்களை முடுக்குகிறான். கறுப்புக் குழாய் அவனுக்கு. அதைவிட நீளமான மஞ்சள் குழாய், கூட இறங்கும் ஆளுக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கு. போன மாதம் கூட இறங்கிய ரிஷி, அது கைக்கு எட்டாமலே போய்ச் சேர்ந்தான். வால்வைத் திறந்ததும் குழாய்கள் விறைக்கின்றன. கசிவு பார்க்கத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குகிறான். மஞ்சள் குழாயின் வாய் மட்டும் மேல்நோக்கிப் புரண்டு, அடியில் யாரோ மூச்சு விடுவதுபோல் குமிழ் குமிழாய்க் கொப்பளிக்கிறது. "அண்ணே, அதக் கவுத்து வைங்க லா, காத்து வீணாப் போகுது," என்கிறாள் நாளைக்கு அவனோடு இறங்கப்போகும் கார்த்திகா. தொட்டிக்குள் போன யுகேந்திரனின் கை பாதியில் நிற்கிறது. "இருக்கட்டும். அவன் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கட்டும்."