ஆறாவது திரை

அன்று பன்னிரண்டாம் மாடி அறையில் ஐந்து பேர். டீம் லீடர் நம்குங். புது டிசைனர் சே-ரின். பழைய புரோகிராமர் யோம். ஆப்பைச் சோதித்துப் பார்க்க வந்த மல்-சுன் அம்மாள். வயது அறுபத்தேழு, சியோலின் ஜுங்பு சந்தையில் காய்ந்த நெத்திலி விற்பவர். ஐந்தாவது ஆள் நான். பார்லித் தண்ணீர் வைக்கப் போன என் கையில் கடிகாரத்தைக் கொடுத்து, நேரம் குறிக்க உட்கார வைத்துவிட்டார்கள்.

கிரிப்டோ நாணயம் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க, விற்க, அனுப்ப ஓர் ஆப். அதுதான் எங்கள் கம்பெனியின் பிழைப்பு. பழைய ஆப்பில் கையிருப்பை வெளியே அனுப்ப ஏழு திரை தாண்ட வேண்டும். அதைச் செய்தவர் யோம். சே-ரின் அதை இரண்டு தட்டலாகக் குறைத்திருந்தாள்.

"ஏழு திரை! சர்க்கார் ஆபீஸ்லகூட இவ்வளவு அலைய விடமாட்டாங்க" என்றார் நம்குங். "யோம் ஸார், இந்த அம்மா ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டாங்கன்னா நாளைக்கே புதுசு வெளிய போகுது. உங்க ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுதில்ல? பழசோட சேர்ந்து நீங்களும் கிளம்பிடலாம்."

யோம் தலையாட்டினார். அவருக்கு ஐம்பது வயது. நம்குங்கைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

"அம்மா, ரெண்டே விதிதான்" என்றாள் சே-ரின். "நாங்க யாரும் உதவ மாட்டோம். நீங்க மனசுல நினைக்கிறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சரி. லீடர் தம்பி என்னை முறைக்குது."

சே-ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "போன்ல இருக்கறது நிஜ நாணயம் இல்லம்மா. தைரியமாத் தட்டுங்க. இருக்கறது அத்தனையும் இதுல ஏற்கெனவே போட்டிருக்கற முகவரிக்கு அனுப்பணும்."

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் கடிகாரத்தை அழுத்தினேன்.

"எழுத்து பெருசா இருக்கு, நல்லது. எண்ணெல்லாம் சிவப்பா இருக்கு. சிவப்புன்னா விலை ஏறுதுன்னு அர்த்தம், சந்தோஷம். 'எல்லாம் அனுப்பு'ன்னு இருக்கு, தட்டறேன். 'சரி'ன்னு இருக்கு, தட்டறேன்." நிறுத்தினார். "அடுத்தது எங்க?"

நாங்கள் உதவக் கூடாது. விதி அப்படி.

"முடிஞ்சுபோச்சா?"

"பதினான்கு விநாடி" என்றேன்.

நம்குங் கை தட்டினார். "பாத்தீங்களா யோம் ஸார்? கருவாட்டுக் கடை அம்மாவுக்கே பதினாலு விநாடி!"

மல்-சுன் அம்மாள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"அனுப்பினதைத் திரும்ப வாங்க முடியாதா?"

"கிரிப்டோல முடியாதும்மா. போனா போனதுதான்" என்றாள் சே-ரின்.

"அப்ப எனக்கு இது வேண்டாம். பழசையே குடுங்க."

"பழசுல ஏழு திரைம்மா!" என்றார் நம்குங்.

"தெரியும் தம்பி. ஒண்ணொண்ணாத் தாண்டியிருக்கேன். வாய்விட்டுச் சொல்லச் சொன்னீங்களே, சொல்லிடறேன். போன மார்ச்சுல ஒரு போன் வந்தது. அரசு வக்கீல் ஆபீஸாம். 'உங்க பேர்ல மோசடி நடந்திருக்கு, நாணயத்தையெல்லாம் நாங்க சொல்ற முகவரிக்கு அனுப்புங்க, பத்திரமா வெச்சுத் தரோம். வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடக் கூடாது'ன்னான். பதினாறு வருஷம் நெத்திலி வித்துச் சேர்த்தது. ஒவ்வொரு திரையா தாண்டறேன். இந்த ஆப்பைச் செஞ்சவன் விளங்கவே மாட்டான்னு திட்டிக்கிட்டே தாண்டறேன்."

"நாங்களும் தினமும் அதைத்தான் சொல்றோம்" என்று சிரித்தார் நம்குங்.

"ஆறாவது திரையில தட்டினா நகரல. ஒரு வரியை எழுத்தெழுத்தா நம்ம விரலால அடிச்சாத்தான் வழி விடுமாம். 'என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை'ன்னு. நான் பாதி அடிச்சிருக்கேன். காதுல அவன் கத்தறான், 'சீக்கிரம், சீக்கிரம்!'னு."

நம்குங்கின் சிரிப்பு நின்றது.

"என் விரலும் நின்னுபோச்சு. 'யாரோ அவசரப்படுத்தறாங்களே'ன்னு போனை வெச்சிட்டேன். அந்தத் திரையைச் செஞ்சவங்களைப் பாக்கணும்னுதான் இந்தச் சோதனைக்கு மூணு தடவை பேர் குடுத்தேன். இந்தத் தடவைதான் கூப்பிட்டாங்க. யாரு அது?"

நம்குங் சுவரைப் பார்த்தார். சே-ரின்தான் யோமைக் கை காட்டினாள்.

மல்-சுன் அம்மாள் எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். யோம் பதறி எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது. அவர் அம்மாளைவிடத் தாழக் குனிந்தார்.

"திட்டினதை மனசுல வெச்சுக்காதப்பா."

"திட்டினீங்களே, அதுவரைக்கும் நல்லதும்மா. யோசிக்க அவ்வளவு நேரம் கிடைச்சிருக்கு."

நம்குங் ஒரு கோப்பை பார்லித் தண்ணீரை இரண்டு கையாலும் யோமிடம் நீட்டினார். "ஒப்பந்தத்தை நாளைக்கே புதுசா எழுதிடலாம் ஸார். இத்தனை நாள் கேலி பண்ணினேனே, ஏன் ஸார் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா எங்க அம்மாவைப் பத்தியும் சொல்லணும்" என்றார் யோம். "அவங்களுக்கும் அப்படி ஒரு போன் வந்தது லீடர். அவங்க வெச்சிருந்த ஆப்புல ரெண்டே தட்டல்தான்."

சே-ரின் தன் நாற்காலியை யோமின் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். சாயங்காலத்துக்குள் இருவருமாகப் பழைய ஏழு திரையில் ஆறு திரைகளை நீக்கிவிட்டார்கள்.

மிச்சம் ஒன்று.